கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது லேசிக் செய்யலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். கேட்டவருக்கு வயது 23. வலது கண் -5.50, இடது கண் -6.00, இரண்டிலும் சிலிண்டர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வருகிற பவர்) -1.00. போன வருடம் போட்ட கண்ணாடியில் வலது -5.25, இடது -5.50. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது, மணமேடையில் கண்ணாடி இல்லாமல் உட்கார வேண்டும். கண்ணாடிப் பவரை லேசரால் எடுக்கிற ஆபரேஷனுக்கு ஓர் இடத்தில் லேசிக் போதும் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் கான்டூரா, மூன்றாவது இடத்தில் ஸ்மைல்தான் லேட்டஸ்ட் என்கிறார்கள். எது நல்லது? ஆபரேஷன் என்றாலே பயமாகவும் இருக்கிறது, என்ன செய்வது?

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். ஆபரேஷன் செய்கிற டாக்டர் இல்லை. அதற்கு முன்னால் உங்களை இருட்டறையில் உட்கார வைத்து "தாடையை இங்க வைங்க, நெத்தியை ஒட்டுங்க, சிமிட்டாம பாருங்க" என்று சொல்கிற ஆள். பதினேழு வருடமாக இதே வசனம்தான். அதனால் மெஷின் பெயர்களைவிட அந்த அறையில் வருகிற படங்களின் மீதுதான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இந்த ஆறு வாரத்தில் எதையுமே செய்யாதீர்கள். ஒரே வருடத்தில் இடது கண்ணில் அரை பவர் ஏறியிருக்கிறது. குறைந்தது ஒரு வருடமாவது பவர் நகராமல் நிற்க வேண்டும், அரை பவர் மாற்றம் என்றாலே டாக்டர்கள் யோசிப்பார்கள். இன்றைக்கு -6ஐ மொத்தமாகச் சீவி எடுத்துவிட்டு, அடுத்த இரண்டு வருடத்தில் கண் பாட்டுக்கு இன்னொரு -1 வளர்ந்தால் மறுபடியும் கண்ணாடிதான். லேசர் இருக்கிற பவரை எடுக்கும், பவர் ஏறுவதை நிறுத்தாது. இதைப் பலர் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, மணமேடைக்கு என்ன செய்வது? தினமும் புதிதாகப் போட்டுத் தூக்கி எறிகிற காண்டாக்ட் லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கும் கிடைக்கிறது. இப்போதே வாங்கி வீட்டில் நாலைந்து நாள் போட்டுப் பழகுங்கள், முகூர்த்தத்தன்று விடிகாலை நாலு மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று கற்றுக்கொள்கிற வேலை வேண்டாம். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி லென்ஸ், அப்புறம்தான் மையும் மேக்கப்பும். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். லென்ஸோடு தூங்காதீர்கள், தலைக்கு ஊற்றாதீர்கள். அவ்வளவுதான்.

இனி நிதானமாக, கல்யாணத்துக்குப் பிறகு எதைச் செய்வது என்று பார்ப்போம்.

கண்ணின் மொத்தக் குவிக்கும் சக்தி ஏறக்குறைய 60 டயாப்டர், நாம் பவர் என்று சொல்கிற அதே அளவுதான். அதில் 43 வரை முன்னால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற கருவிழி மட்டுமே தருகிறது. அதன் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது சாதாரண ஏ4 தாளை ஐந்து ஐந்தரை அடுக்கினால் வருகிற கனம். மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது, அதனால் கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னால் நகரும். லேசிக், கான்டூரா, ஸ்மைல், பிஆர்கே எல்லாம் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். எந்த வழியில் போனாலும் ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 16 மைக்ரான் சதையை எடுத்தாக வேண்டும், எவ்வளவு அகலத்துக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

இப்போது உங்கள் இடது கண்ணுக்குக் கணக்குப் போடுவோம். -6, கூட சிலிண்டர் 1, மொத்தம் 7 என்று வையுங்கள். ஒன்றுக்கு 14 வீதம் 98 மைக்ரான். லேசிக்கில் மேலே ஒரு மூடி மாதிரி வெட்டித் திறப்பார்கள், அதற்கு 110. ஆக 208 போயிற்று. உங்கள் கருவிழி 540 இருந்தால் அடியில் 332 மிஞ்சும், நல்ல அளவு. அதே பவர், ஆனால் கருவிழி 490 என்றால் மிஞ்சுவது 282. குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை, இன்று பல டாக்டர்கள் 300 இல்லாவிட்டால் தயங்குவார்கள். மொத்தத் தடிமனில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது என்று இன்னொரு கணக்கும் உண்டு. 490இல் 208 என்பது 42 சதவீதம். பார்த்தீர்களா, ஒரே பவர் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு லேசிக் தாராளமாகச் செய்யலாம், இன்னொருவருக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. உங்கள் சித்தி பெண்ணுக்கு எது நன்றாக அமைந்தது என்பதை வைத்து உங்களுக்குச் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

தடிமனைவிட முக்கியம் வடிவம். பென்டாகேம் மாதிரியான ஸ்கேனில் தாடையை வைத்ததும் ஒரு நீல வெளிச்சக் கீற்று கண்ணுக்கு முன்னால் சுற்றி வரும், இரண்டு விநாடி. அதில் கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் மேடு பள்ளமும் வண்ணப் படமாக வந்துவிடும். மேடு சிவப்பு, தட்டை நீலம். நான் முதலில் பார்ப்பது படத்தின் கீழ்ப்பாதியை. அங்கே மட்டும் ஒரு சிவப்புத் திட்டு சரிந்து கிடந்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். கெரட்டோகோனஸ் என்கிற கூம்புக் கருவிழியின் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். அந்தக் கருவிழி ஏற்கெனவே பலவீனமானது, அதில் போய் லேசரால் சதை எடுத்தால் நாள் போகப் போக முன்னால் பிதுங்கிவிடும். பிறகு எந்தக் கண்ணாடியிலும் தெளிவாகத் தெரியாது.

மில் வேலைக்குப் போகிற ஒரு பையன் வந்திருந்தான். பவர் வெறும் -3, தடிமன் 520. வெளியில் எல்லோரும் ஐந்து நிமிட வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணைக் கசக்குவியா?" என்று கேட்டேன். இல்லை சார் என்று சொல்லிக்கொண்டே விரல் முட்டியால் இடது கண்ணை ஓர் அழுத்து அழுத்தித் தேய்த்தான். பஞ்சுத் தூசி, அலர்ஜி, அரிப்பு, கசக்கல். அவனுக்கு லேசர் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பவர் மேலும் ஓடினால் சி3ஆர் செய்யலாம், அது ரைபோஃப்ளேவின் சொட்டு மருந்தை விட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை. இப்போதைக்கு அரிப்புக்கு மருந்து, கசக்கவே கூடாது என்ற கண்டிப்பு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு விநாடி ஸ்கேன் இல்லாமல் நேராக மெஷினுக்குக் கீழே படுத்திருந்தால் அவன் கதையே வேறு. உங்களுக்கும் கசக்குகிற பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்த ஸ்கேனுக்கு வருவதற்கு முன் காண்டாக்ட் லென்ஸை நிறுத்திவிட வேண்டும். மிருதுவான லென்ஸ் என்றால் ஒன்று இரண்டு வாரம், கெட்டியான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமாவது. லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், அந்த மாறிய வடிவத்தை அளந்து ஆபரேஷன் செய்தால் கணக்குத் தப்பும்.

இனி ஒவ்வொன்றாக. பிஆர்கேதான் மூத்தது. கருவிழியின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு, நேரடியாக அதன் மேலேயே எக்ஸைமர் லேசர். மூடி வெட்டுவதே இல்லை, அதனால் மெல்லிய கருவிழிக்குப் பொருந்தும். கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடி வாங்கும் ஆட்களுக்கும் இதுதான் சரி. விலை என்னவென்றால் வலி. முதல் இரண்டு மூன்று நாள் கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரியும், தண்ணீராகக் கொட்டும், ஜன்னலைத் திறக்க முடியாது. தோல் வளர்கிற வரை நாலைந்து நாள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி, ஒரு லென்ஸ் போட்டு வைப்பார்கள். பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மாதம் போகக் கூடாது, கருவிழியில் புகை மாதிரி ஒரு மங்கல் படியலாம். இத்தனை சொன்னதும் எல்லோரும் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிஆர்கே கண்ணும் லேசிக் கண்ணும் பார்வையில் ஏறக்குறைய ஒன்றுதான். என்னைக் கேட்டால் லேசிக், ஸ்மைல், பிஆர்கே மூன்றில் நியாயமில்லாமல் ஒதுக்கப்பட்டது இதுதான்.

அந்த எக்ஸைமர் லேசருக்குப் பின்னால் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1981 நவம்பரில், நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் 193 நானோமீட்டர் புற ஊதா லேசரை அதன் மேல் பாய்ச்சினார். சுற்றியிருந்த சதை கருகவே இல்லை, லேசர் பட்ட இடம் மட்டும் கத்தியால் செதுக்கியது மாதிரி சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. சுடாமல் மூலக்கூறுகளின் பிணைப்பையே உடைத்து எடுக்கிற அந்தக் குணம்தான் பிறகு கண்ணுக்கு வந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரண்டு சகாக்களோடு சேர்த்து அவருக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. ஆபரேஷனில் முடி பொசுங்குகிற வாசனை வருகிறதே, கண் எரிகிறதோ என்று பயப்படுகிறவர்களிடம் இந்த வான்கோழிக் கதையைத்தான் சொல்வேன். சதை ஆவியாகிற வாசனை அது, சூடு ஒன்றும் இல்லை.

லேசிக்கில் முதலில் அந்த மூடி. முன்பெல்லாம் மைக்ரோகெரட்டோம் என்ற சின்ன பிளேடால் வெட்டினார்கள், இப்போது பெரும்பாலும் ஃபெம்டோ லேசர். "பிளேடு இல்லாத லேசிக்" என்று போர்டில் போடுவது இதைத்தான். மூடியைப் புத்தகப் பக்கம் மாதிரி ஓர் ஓரமாகத் திருப்பி, அடியில் எக்ஸைமர் லேசர், பிறகு மூடியைத் திரும்ப வைத்துத் தடவிவிடுவார்கள். தையல் இல்லை. மறுநாளே கடிகாரம் பார்க்கலாம், வலி ஒரு சில மணி நேரம்தான். கான்டூரா தனி இனம் இல்லை, உங்கள் கருவிழியின் மேடு பள்ள வரைபடத்தை மெஷினுக்குக் கொடுத்து அதன்படி செதுக்குகிற லேசிக். கருவிழியில் ஒழுங்கின்மை இருப்பவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டு. மற்றவர்களுக்கு, கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பார்வை கிடைக்கிறதா என்று உங்கள் படத்தை எதிரில் வைத்து டாக்டரையே கேளுங்கள்.

ஸ்மைலில் மூடியே கிடையாது. ஃபெம்டோ லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி வைக்கும். டாக்டர் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக அதை உரித்து வெளியே இழுத்துவிடுவார், பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குகிற மாதிரி. லேசிக் மூடியின் ஓரம் சுமார் 20 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். மேல்பக்க நரம்புகள் குறைவாக வெட்டுப்படுவதால் கண் உலர்வு கொஞ்சம் குறைவு, அடிபட்டால் மூடி நகரும் என்ற பயமும் இல்லை. ஆனால் மைனஸ் பவருக்கும் சிலிண்டருக்கும்தான் பெரும்பாலும் செய்கிறார்கள், பிளஸ் பவர்க்காரர்கள் லேசிக் பக்கம்தான் போக வேண்டும். முதல் வாரம் லேசிக் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. பிற்காலத்தில் மிச்சப் பவர் நின்றால் லேசிக்கில் மூடியைத் தூக்கிச் சரிசெய்யலாம், ஸ்மைலில் அப்படி முடியாது, பெரும்பாலும் மேலே பிஆர்கே செய்ய வேண்டி வரும். இன்னொரு தவறான எண்ணம், ஸ்மைல் என்றால் சதை குறைவாகப் போகும் என்பது. அதே பவருக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும், உரித்து எடுக்கிற வில்லைக்கு ஓரத்திலும் ஒரு கனம் வேண்டுமே.

கருவிழி மிக மெலிது, அல்லது பவர் -10, -12 என்றால் லேசரை மறந்துவிட்டு ஐசிஎல் பக்கம் போகலாம். கண்ணின் நிறத்தைத் தருகிற பகுதிக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய லென்ஸை வைக்கிறார்கள். கருவிழியைச் செதுக்குவதில்லை, வேண்டுமானால் வெளியே எடுத்துவிடலாம். இப்போதைய லென்ஸின் நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும், கண்ணுக்குள் நீர் ஓட. ஆனால் கண்ணின் முன்னறையில் அதற்கு இடம் வேண்டும், குறைந்தது 2.8 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். செலவும் இதில்தான் அதிகம். என்ன இருந்தாலும் கண்ணைத் திறந்து செய்கிற ஆபரேஷன் என்பதால் மிக அரிதாக வந்தாலும் கிருமித்தொற்று பெரிய விஷயம்.

பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊசி இல்லை, சொட்டு மருந்திலேயே மரத்துவிடும். இமை மூடாமல் ஒரு கிளிப். ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும்போது அழுத்தம் தெரியும், லேசிக்கில் சில விநாடி கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில்தான் பலர் பதறுகிறார்கள், அது எதிர்பார்த்ததுதான் என்று முன்கூட்டியே தெரிந்தால் பதற மாட்டீர்கள். பிறகு ஒரு பச்சை விளக்கு மினுக்கும், அதையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பிறகு வருகிற தொந்தரவுகளில் அதிகம் பேருக்கு வருவது உலர்வு. பெரும்பாலோருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் குறையும், சிலருக்கு நீளும், மிகச் சிலருக்கு வலியாகவே நின்றுவிடுவதும் உண்டு. இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம். இதோடு ஓமப்புகைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, மை கூடாது, நலங்கு வைத்து மஞ்சள் நீராட்டுவது எப்படி? ஆறு வாரத்தில் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கல்யாணமானதும் குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும், அப்போது செய்ய மாட்டார்கள்.

அரசு வேலைக்குத் தயாராகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன் அறிவிக்கையைப் படியுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்திருந்தால் தகுதியே போய்விடும். விமானப்படையில் அனுமதி உண்டு, ஆனால் 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. காப்பீடு இருக்கிறதே என்று நம்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 7.5 பவருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். உங்கள் பவருக்குக் கிடைக்காது.

"நல்லதுன்னா நீங்க ஏன் சார் இன்னும் கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று தினமும் ஒருவராவது கேட்பார். எனக்கு வயது 44, பவர் -2.25. கண்ணாடியைக் கழற்றினால் மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரியும், என் வயதுக்காரர்கள் எல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது. லேசர் செய்திருந்தால் இந்த வசதி போயிருக்கும். வெள்ளெழுத்து நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும், லேசிக் செய்தவருக்கும் சேர்த்து. 23 வயதில் உங்களுக்கு இது ஒரு பொருட்டில்லை, பதினேழு வருடம் கண்ணாடி இல்லாமல் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் 40ஐத் தொடுகிறவர் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும்.

அப்புறம், பவர் போனாலும் கண்ணின் நீளம் போகாது. -6 கண் வழக்கத்தைவிட நீளமான கண், விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அதில் ஓட்டை விழும் அபாயம் லேசிக்குக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. அதனால் கண்பாப்பாவை விரிக்கிற மருந்து ஊற்றி ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்கு முன்னும், பிறகு வருடம் ஒருமுறையும். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் அடித்தாலோ கறுப்புப் பூச்சிகள் கூட்டமாகப் பறந்தாலோ, எனக்குத்தான் பவரே இல்லையே என்று வீட்டில் இருக்காமல் அன்றே போக வேண்டும்.

ஆக, அடுத்த ஒரு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் பாருங்கள். நின்றுவிட்டால் ஸ்கேன் எடுங்கள். தடிமன் 530க்கு மேல், வடிவம் சுத்தம், உலர்வு இல்லை என்றால் லேசிக், ஸ்மைல் எதுவானாலும் உங்களுக்கு நல்லதுதான், டாக்டரின் கைப்பழக்கமும் உங்கள் பட்ஜெட்டும் முடிவு செய்யட்டும். 490க்குப் பக்கத்தில் இருந்தால் பிஆர்கே அல்லது ஐசிஎல் பற்றிக் கேளுங்கள். வேண்டாம் என்று ஓர் இடத்தில் சொன்னால், சரி என்று சொல்கிற இடத்தைத் தேடி அலையாதீர்கள்.

எது செய்தாலும் ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன் பிரதியையும் பவர் சீட்டையும் வாங்கி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வைத்திருக்கிற அதே ஃபைலில் போட்டு வையுங்கள். அறுபது வயதில் புரை ஆபரேஷனுக்குப் போகும்போது, செதுக்கிய கருவிழிக்குச் சரியான லென்ஸ் பவரைக் கண்டுபிடிக்க அந்தப் பழைய எண்களை என்னைப் போல ஒருவர் உங்களிடம் கேட்பார். கண் பிரஷர் பார்க்கிறவரிடமும் லேசர் செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், மெலிந்த கருவிழியில் அந்த அளவு குறைத்துக் காட்டும்.